‘டாக்டர் என்னப்பா சொன்னாரு?’

மதுரையில் ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடி வராந்தாவில், ஸ்கேன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பமாக ஆறு பேர் நின்றிருந்தோம். பெரியப்பாவுக்குக் கணையத்தில் புற்று. கல்லீரலுக்கும் பரவிவிட்டது, இனி மாதக்கணக்குதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் சொன்னது இது: “அண்ணன்கிட்ட யாரும் வாயத் தொறக்காதீங்க. அல்சர்னு சொல்லிருவோம்.”

உள்ளே போனதும் பெரியப்பா என்னைத்தான் கேட்டார். “டாக்டர் என்னப்பா சொன்னாரு?”

“வயித்துப் புண்ணுதான் பெரியப்பா. மாத்திரையில சரியாயிரும்.”

“சரிப்பா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்து மாதத்தில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து பீரோவைத் திறந்தோம். ஒரு மஞ்சள் பையில் வயல் பட்டா, எல்.ஐ.சி. பத்திரம், கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் ரசீது எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தன. மேலே ஒரு தாளில், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று அவர் கையெழுத்தில் கணக்கு. கீழே போட்டிருந்த தேதி, ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து சரியாக ஒன்பதாம் நாள். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, எங்கள் மனம் நோகக் கூடாது என்று, அந்த ஐந்து மாதமும் அல்சர்க்காரராக இருந்து காட்டியிருக்கிறார்.

அன்றிலிருந்து சாவைப் பற்றிய பயம் என்றால் என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வராந்தாவில் யார் பயந்தது, எதற்குப் பயந்தது?

செத்தவர்களைச் சுற்றி நம்மிடம் இருக்கிற ஏற்பாட்டைப் பாருங்கள். தென் மாவட்டங்களில் துட்டி என்போம். வேறு ஊர்களில் கேதம், எழவு, பெரிய காரியம். ‘காலமானார்’, ‘தவறிட்டாரு’, ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று சொல்வதற்கே எத்தனை சொற்கள். ‘இறப்பு’ என்ற சொல்லே கடந்து போவதைக் குறிப்பதுதான். இறந்த காலம் என்று இலக்கணத்தில் படிக்கிறோமே, அதே வேர். தகவல் போன அரை மணி நேரத்தில் ஐஸ் பெட்டி வந்துவிடும், சாமியானா வந்துவிடும், விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் முச்சந்தியில் நிற்கும். நீர்மாலை, கோடி, வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், கொள்ளி, மறுநாள் பால் தெளிப்பு என்று யார் எதைச் செய்ய வேண்டும் என்பது எழுதி வைக்காமலே எல்லோருக்கும் தெரியும். ஒப்பாரி வைக்கும் பெண்கள் இறந்தவரை நேராகவே விளித்துப் பேசுவார்கள். எனக்குச் செய்தது, செய்யாமல் போனது, என் கல்யாணத்தில் நீ நின்றது, கடைசியாக நான் கொண்டுவந்த மீன் குழம்பை நீ சாப்பிடாமலே போனது என்று அத்தனையும் அந்தப் பாட்டில் வரும்.

இவ்வளவு பேச்சையும் அந்த மனிதர் காதால் கேட்க முடியாத நாளுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம். மூச்சோடு படுத்திருக்கிறவரிடம் சொல்ல நம்மிடம் இருப்பது “ஒண்ணுமில்ல, சரியாயிரும்” என்ற ஒரு வரிதான்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. 1960களின் நடுவில் சிகாகோவில் எலிசபெத் குப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர், இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுடன் பேச வேண்டும் என்று ஒரு பெரிய மருத்துவமனையின் வார்டு வார்டாகக் கேட்டுப் போனார். அப்படி யாருமே இங்கே இல்லை என்றுதான் அங்கிருந்த மருத்துவர்கள் பதில் சொன்னார்கள். ஒருவழியாக நோயாளிகளைச் சந்தித்தபோது, பெரும்பாலானவர்கள் பேசுவதற்குக் காத்திருந்தவர்கள் போலப் பேசினார்கள். அவர் பெயர் சொன்னாலே மறுப்பு, கோபம் என்று தொடங்கி ஏற்பு வரை போகும் ஐந்து கட்டங்கள்தான் எல்லோருக்கும் நினைவு வரும். அந்தக் கட்டங்கள் படிக்கட்டு மாதிரி வரிசையாக வருவதில்லை என்பது பிறகு தெளிவாகிவிட்டது. அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நோயாளியையே கேட்டதுதான்.

அப்படிக் கேட்டால் என்ன தெரிய வரும்? மரண பயம் என்று நாம் ஒற்றைப் பெயரில் சொல்வதற்குள் பல பயங்கள் சுருண்டு கிடப்பது தெரிய வரும். வலிக்குமே என்பது ஒன்று. தனியாகக் கிடப்போமோ என்பது ஒன்று. பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்பது, நம் ஊர்ப் பெரியவர்களிடம், எல்லாவற்றையும் விடப் பெரிது. இவற்றுக்கெல்லாம் அடியில், நான் இல்லாமலே போய்விடுவேன் என்ற பயம்.

தத்துவவாதிகள் காலங்காலமாக மல்லுக்கட்டியது இந்தக் கடைசிப் பயத்தோடு. கிரேக்கத்தின் எபிக்யூரஸ் அதற்கு ஒரு வாதம் வைத்தார். நாம் இருக்கும்வரை சாவு இல்லை, சாவு வரும்போது நாம் இல்லை, அப்புறம் எதற்குப் பயம் என்றார். குறை சொல்ல முடியாத வாதம்தான். ஆனாலும் இரவு 2 மணிக்கு விழிப்புத் தட்டி நெஞ்சு அடித்துக்கொள்கிறவருக்கு அது உதவாது. கி.மு. 270இல் சிறுநீர் அடைப்பாலும் வயிற்று நோயாலும் துடித்துக்கொண்டு கிடந்த கடைசி நாளில், எபிக்யூரஸ் தன் நண்பர் ஒருவருக்கு எழுதியதாக ஒரு கடிதம் இருக்கிறது. வலி தாங்க முடியாததாக இருக்கிறது, நாம் பேசிக் களித்த பேச்சுகளின் நினைவுதான் அதற்கு ஈடு கொடுக்கிறது என்கிறார் அதில். தன் வாதத்தை அங்கே அவர் இழுக்கவில்லை. நண்பனை நினைத்துக்கொண்டார்.

இல்லாமல் போவது என்றால் என்ன என்பது பிறக்கும்போதே நமக்குத் தெரிவதும் இல்லை. மரியா நாகி என்ற உளவியலாளர் 1948இல் ஹங்கேரியக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் சாவைத் தூக்கம் போல, ஊருக்குப் போனது போல நினைத்திருந்தார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வயதுவரை உள்ள பலருக்குச் சாவு ஒரு ஆளாகத் தெரிந்தது. வந்து பிடித்துக்கொண்டு போகிற ஆள். ஒன்பது வயதுக்குப் பிறகுதான் எல்லோருக்கும் அது உண்டு, எனக்கும் உண்டு என்று தெரிகிறது. எருமைமேல் பாசக்கயிற்றோடு வரும் எமனை நினைத்துக்கொண்டேன். ஆளாக வந்தால் ஓடலாம், கெஞ்சலாம், காலைக் கட்டிக்கொள்ளலாம். திருக்கடையூரில் மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கொண்டான், சிவன் எமனை உதைத்தார். அறுபதுக்கும் எண்பதுக்கும் மாலை மாற்றிக்கொள்ள அந்தக் கோயிலுக்கு இன்றும் தம்பதிகள் போகிறார்கள். பேரன் பேத்திகள் சூழ, கலசத் தண்ணீர் தலையில் விழ உட்கார்ந்திருக்கும் அந்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன். நாள் நெருங்குகிறது என்பதை நம் சமூகம் உயிரோடிருப்பவர் முன்னால், மங்கலமாக, ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் அதுதான் என்று தோன்றும்.

அந்தப் பயத்துக்கு நேராகவே போய் நின்ற ஒருவர் மதுரையில் இருந்தார். 1896 ஜூலையில், மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பக்கத்திலிருந்த சித்தப்பா வீட்டு மாடியில், வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையனைக் காரணமே இல்லாமல் சாவு பயம் பிடித்தது. உடம்பில் ஒரு நோயும் இல்லை. அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம் போலக் கை கால்களை நீட்டிப் படுத்து, உதட்டை இறுக மூடி, இந்த உடம்பு செத்தால் சாவது எது என்று பார்த்தான். ஆறு வாரம் கழித்து வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனான். ரமண மகரிஷி ஆனது பிறகு. 1948 கடைசியில் அவர் இடது கையில் சார்கோமா என்ற புற்றுக்கட்டி வந்து, மறுபடி மறுபடி அறுத்தும் வளர்ந்து, 1950 ஏப்ரல் 14 அன்று இறந்தார். அவருக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. என் பெரியப்பாவுக்குக் கிடைத்திருக்காது. அவருக்குத் தேவைப்பட்டதும் அது இல்லை.

சாவைத் தீர்க்க முடியாது என்பதால் சாவைச் சுற்றியுள்ள எதையுமே தீர்க்க முடியாது என்று விட்டுவிடுகிறோம். நான் சொல்ல வந்ததே இதுதான். வலியையும் தனிமையையும் பெருமளவு தீர்க்கலாம். எப்படி என்பது தெரிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

1948இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு யூத அகதி புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தார். சொந்தபந்தம் யாரும் பக்கத்தில் இல்லை. அவரைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த சிசிலி சாண்டர்ஸ், நர்ஸாக இருந்து மருத்துவமனைச் சமூகப் பணிக்கு மாறியவர். இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். டாஸ்மா இறக்கும்போது 500 பவுண்டு பணத்தை அவருக்கு விட்டுப் போனார். உங்கள் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்றாராம். சாண்டர்ஸ் அதன் பிறகு மருத்துவம் படித்து, 1957இல் டாக்டராகி, 1967இல் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற அந்த இல்லத்தைத் திறந்தார். அந்த ஜன்னலைச் சுற்றி வீடு கட்ட 19 வருடம் ஆயிற்று.

அவர் கொண்டுவந்த மாற்றத்தில் முதலாவது மிக எளிமையானது. வலி வந்து நோயாளி கத்தியபிறகு மருந்து கொடுப்பது அன்றைய வழக்கம். அவர் கடிகாரத்தைப் பார்த்து, முந்தைய மருந்தின் வேகம் அடங்கி வலி தலைதூக்குவதற்குள் அடுத்த வேளை மார்ஃபினைக் கொடுக்கச் செய்தார். வலி வரப்போகிறதே என்று பயந்துகொண்டிருப்பதே பாதி வேதனை. அது போனதும் ஆள் எழுந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார். இரண்டாவது, வலியை உடம்போடு நிறுத்தாமல் மொத்தமாகப் பார்த்தது. பெண் கல்யாணம் பாக்கி இருக்கிறது, கடன் இருக்கிறது, தம்பியோடு பேச்சு அறுந்து கிடக்கிறது, சாமி ஏன் கைவிட்டது என்பவை எல்லாமும் வலியின் பாகங்கள்தான், இவற்றைக் கேட்காமல் மருந்தின் அளவை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் பலன் இல்லை என்றார்.

நம் பக்கத்தில் இது வேர் பிடித்தது கோழிக்கோட்டில். 1993இல் அங்கே மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலானவர்கள் வலி நிவாரணத்துக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். பிறகு அது மருத்துவமனையைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. ஆசிரியர்களும் கடைக்காரர்களும் மாணவர்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு, நர்ஸோடு சேர்ந்து வீடு வீடாகப் போனார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து வேளை பார்ப்பது, அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்பது எல்லாம் அவர்கள் வேலையானது. 2008இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே அறிவித்து ஊராட்சிகளின் கையில் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கே வரும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சை உண்டு. ரத்த அழுத்த மாத்திரைக்காக அந்தத் திட்டத்தை அறிந்தவர்கள் பலர், இதற்காகவும் கேட்கலாம் என்பதை அறிந்திருப்பதில்லை.

மார்ஃபினைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மூன்றிலும் அரசு உரிமத்தோடு அபினி விளைகிறது. அதிலிருந்துதான் மார்ஃபின் எடுக்கிறார்கள். சட்டப்படி அபினி விளைவிக்கும் நாட்டிலேயே, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட உரிமங்களுக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வாங்கி வைப்பதையே விட்டன. புற்றுநோயாளிகள் பாராசிட்டமாலை விழுங்கிக்கொண்டு கதறினார்கள். நாடு முழுவதற்கும் ஒரே விதி என்று 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டம் திருந்தினாலும் வீடுகளில் பயம் போகவில்லை. “மார்ஃபின் ஆரம்பிச்சுட்டா அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொள்கிறோம். வலிக்கு ஏற்ற அளவில், தெரிந்தவர் மேற்பார்வையில் கொடுக்கும் மார்ஃபின் சாவை முன்னால் இழுத்து வருவதில்லை.

கடைசி நாட்களில் உடம்பு என்ன செய்கிறது என்பதையும் நாம் மறந்துகொண்டு வருகிறோம். அப்பத்தாக்கள் தலைமுறைக்கு அது தெரியும். “கால் சில்லிட்டுப் போச்சு”, “மேல்மூச்சு வாங்குது”, “கோழை கட்டிருச்சு” என்று கதவோரம் நின்று பார்த்தே சொல்லுவார்கள். முதலில் பசி போகும். சாப்பிடாததால் சாகிறார் என்று நாம் பதறி வாயில் திணிக்கிறோம். உண்மையில் உடம்பு அடங்கிக்கொண்டிருப்பதால்தான் சோறு வேண்டாம் என்கிறது, திணித்தால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். தூக்கம் கூடும். ரத்த ஓட்டம் குறைந்து கை கால் குளிரும். மூச்சு வேகமாக வாங்கி, நின்று, மறுபடி தொடங்கும். விழுங்க முடியாத எச்சில் தொண்டையில் தங்கிக் கறகறவென்று சத்தம் வரும். கேட்கிற நமக்கு உயிர் போகும், பெரும்பாலும் அவருக்கு அது தெரிவதே இல்லை. வாய் காயும், பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினால் போதும். காது எதுவரை கேட்கும்? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நினைவு தப்பிக் கடைசி மணி நேரங்களில் இருந்த சிலரின் மூளை, ஒலிக்கு நலமாக இருப்பவர்களுடைய மூளை போலவே பதில் காட்டியது. கேட்டதைப் புரிந்துகொண்டார்களா என்பது அதிலிருந்து தெரியாது. எனக்கு அது போதும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன்.

பாரம் என்ற பயத்துக்கு வருகிறேன். இது வெறும் மனப்பிரமை இல்லை. விருதுநகர் பக்கத்துக் கிராமங்களில், படுத்த படுக்கையான முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து முடித்துவிடும் தலைக்கூத்தலைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. பாட்டிமார் பயந்தது எமனுக்கு மட்டும் இல்லை. நகரத்தில் அந்தப் பயம் ஐசியூ பில்லாக வருகிறது. வென்டிலேட்டரில் பன்னிரண்டு நாள், வீட்டை அடகு வைத்து இன்னும் நான்கு நாள், நிறுத்தச் சொன்னால் கொன்றுவிட்டதாக ஊர் பேசும் என்ற கலக்கம். கடைசியில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, ஆம்புலன்ஸில் ஆக்சிஜனோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, திண்ணையில் வைத்து அந்த ஆக்சிஜனை எடுத்துவிடுகிறார்கள். வலிக்கு மருந்து இருக்காது, என்ன நடக்கும் என்று சொல்ல ஆள் இருக்காது.

இந்த இடத்தில் சட்டம் ஒரு வழி செய்திருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது. மீள வழியில்லாத நிலையில் எனக்குச் செயற்கைக் கருவிகள் வேண்டாம் என்று 18 வயது நிரம்பிய எவரும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் சொன்னது. மாஜிஸ்திரேட் கையொப்பம் வேண்டும் என்று முதலில் இருந்ததை 2023 ஜனவரியில் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றும் போதும். அந்த நிலை வரும்போது மருத்துவர் குழுக்கள் இரண்டு கூடிப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். நிலத்துக்கும் நகைக்கும் உயில் எழுதுகிறோம். தன் கடைசி வாரத்தைப் பற்றி ஒருவர் எழுதி வைத்திருந்தால், ஐசியூ வாசலில் நிற்கும் பிள்ளை அந்த முடிவைத் தன் தலையில் மட்டும் சுமக்க வேண்டியதில்லை.

இனி, பிரிவு. ஆதிச்சநல்லூரில் தாமிரபரணிக் கரையில் தோண்டத் தோண்டத் தாழிகள் வந்தன. எலும்போடு கூடவே கலங்களையும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு தாழியை வனையும் குயவனிடம் ஒரு பெண் பேசுவதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு உண்டு. வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்த பல்லியைப் போல இவனோடு வழியெல்லாம் வந்தவள் நான், எனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய் என்கிறாள். வலிக்கு மார்ஃபின் இருக்கிறது, இதற்கு இல்லை. இருக்கிறபோதே பேசிக்கொள்வது ஒன்றுதான் இதற்கு உண்டு. அதைத்தான் நாங்கள் பெரியப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டோம். ஐந்து மாதம் அவர் கணக்குத் தாளோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்.

எல்லோரிடமும் எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் உண்டு, அதுவும் அவர்கள் உரிமை. வலி நிவாரணச் சிகிச்சையில் இருப்பவர்கள் நோயாளியிடம் முதலில் கேட்பது, “உங்களுக்கு என்னன்னு நீங்க நெனைக்கிறீங்க?” என்பதுதான். எவ்வளவு வேண்டும் என்பதை அவரே சொல்லிவிடுவார்.

போன வருடம் அத்தைக்கே வந்தது. வராந்தாவில் அண்ணனுக்கு அல்சர் என்று முடிவு செய்த அதே அத்தை. ரிப்போர்ட்டோடு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

“டாக்டர் என்னப்பா சொன்னாரு?”

பக்கத்தில் உட்கார்ந்தேன். “உங்களுக்கு என்ன தோணுது அத்தை?”

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “எங்கண்ணனுக்கு வந்ததுதான?” என்றார். ஆமாம் என்றேன். அழுதார், நானும் அழுதேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “ராத்திரி வலிச்சா மருந்து இருக்கா? ஆரு பக்கத்துல படுப்பீங்க?”

இருக்கிறது என்றேன். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எந்த நாளில் நர்ஸ் வருவார், யார் யார் முறை வைத்துப் படுப்போம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

“அப்ப இந்தக் கட்டில வாசப்பக்கம் தள்ளிப் போடு. இங்கன கெடந்தா ஒண்ணும் தெரியமாட்டேங்குது. தெருவுல போறவங்கள பாத்துக்கிட்டு இருக்கேன்.”